எந்தத் தொழிலை எடுப்பது, எப்போது விடுவது: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கணக்கு எழுதிக் கொடுப்பதும், வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பதும் என் சோலி. கடை திறக்கப்போகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஜி.எஸ்.டி. எண்ணை ரத்து செய்யவும் அவர்களில் பலர் என்னிடமே வருகிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது அவர்களுடைய கணக்கு நோட்டில் இருக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரிய கம்பெனி ஆரம்பிப்பவர்களுக்கு இது உதவாது. ஐந்து லட்சம், பத்து லட்சம் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கானது.

அண்ணாச்சி, மனசில் மூன்று யோசனை இருக்கிறது. எதை எடுப்பது?

எல்லோரும் எதில் லாபம் அதிகம் என்று வரிசைப்படுத்திக்கொண்டு வருகிறார்கள். எதில் நஷ்டம் குறைவு என்று வரிசைப்படுத்தச் சொல்வேன் நான். இன்னும் திறக்காத கடையின் லாபம் வெறும் ஊகம். ஆனால் அது ஓடாமல் போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதை இன்றைக்கே ஏறக்குறையக் கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு ஆள் மூன்று யோசனையோடு வருகிறார் என்று வையுங்கள். வண்ணார்பேட்டையில் பிரியாணிக் கடை. வீட்டை ஒட்டி மாவு மில். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை வாங்கி, தன் பெயரில் பாக்கெட் போட்டு வெளியூருக்கு அனுப்புவது.

பிரியாணிக் கடைக்கு இட முன்பணம், டைல்ஸ், சீலிங், போர்டு, அடுப்பு, அண்டா என்று போகும். மூடும் நாளில் முன்பணம் வாடகை பாக்கி கழித்துத் திரும்பும். அண்டா எடைக்குப் போகும். டைல்ஸும் சீலிங்கும் கட்டடக்காரருக்கு நீங்கள் செய்த சீர்வரிசை. போட்டதில் பாதி திரும்பினால் அதிர்ஷ்டம். மாவு மில்லில் மோட்டாரும் அரைவை இயந்திரமும் பழையதாக விற்றாலும் ஒரு விலைக்குப் போகும், இடம் உங்களுடையது. அப்பளத்தில் அதிகபட்சம் போவது ஒரு தடவை வாங்கிய சரக்கின் விலையும் பாக்கெட் அச்சடித்த காசும்தான்.

அப்புறம் இன்னொன்று பார்க்க வேண்டும். இது ஓடுமா ஓடாதா என்பது எவ்வளவு சீக்கிரம் தெரியும்? புதுச் சாப்பாட்டுக் கடைக்கு முதல் மாதம் ஊரே வரும். சொந்தக்காரர், கூடப் படித்தவர், எதிர்க்கடைக்காரர் எல்லோரும் ருசி பார்ப்பார்கள். உண்மையான விற்பனை நான்காவது மாதம்தான் முகம் காட்டும். அதற்குள் நான்கு மாத வாடகை போயிருக்கும். அப்பளத்தில் முதலில் வாங்கியவர் இரண்டாவது முறை கேட்கிறாரா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

ஆகவே அந்த ஆளுக்கு என் பதில், அப்பளத்தை முதலில் செய்யுங்கள் என்பதுதான். அதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் காயாது. உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்களைத் தவிர மற்றவர்களிடம் சரக்கு குறையும், விலை ஏறும். கோடையிலேயே நன்றாகக் காய்ந்த சரக்கை எடுத்து வைக்க இடமும் கைமுதலும் வேண்டும். இதைச் செய்கிறவர்களிடம் போய் ஒரு நாள் உட்கார்ந்தால் இன்னும் பத்து சங்கதி தெரியவரும். உட்காருங்கள், செலவு இல்லை.

எனக்குப் பிடித்த தொழிலைச் செய்யலாமா, காசு வருகிற தொழிலைச் செய்யலாமா?

பிடித்தது என்று சொல்வதில் எந்தப் பகுதி பிடித்திருக்கிறது என்று பாருங்கள். சமைக்கப் பிடிக்கும் என்று ஓட்டல் வைக்கிறவர் அங்கே சமைப்பது கொஞ்சம்தான். மாஸ்டர் லீவு போட்ட அன்றைக்கு ஆள் தேடுவது, மீந்த சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது, கேஸ் சிலிண்டருக்குப் போன் போடுவது, இதுதான் தொழில். இந்தப் பகுதியையும் சகித்துக்கொள்ள முடியும் என்றால் சரி.

திருநெல்வேலி என்றாலே அல்வா. அல்வாக் கடை போடலாமா?

போடலாம். ஆனால் விற்கப்போவது எது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிற வேலை இந்த ஊரில் பலருக்குக் கை வந்த கலை. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசி என்று எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். எல்லோருக்கும் அதே தண்ணீர் என்பதால் அதில் உங்களுக்குத் தனி லாபம் ஏதும் இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் மட்டும் வியாபாரம், பெரிய போர்டு கிடையாது, கூட்டம் நிற்கும். அதைப் பார்த்து ‘நாமும் சாயங்காலம் மட்டும் திறந்தால் போதும்’ என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தலைமுறைகளாகச் சேர்ந்த பெயர் இருக்கிறது. உங்களுக்கு வாடகை ரசீது இருக்கிறது.

அல்வா வாங்குவதில் இரண்டு வகை. வெளியூர்க்காரர் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ போகும் அவசரத்தில், தெரிந்த பெயரைப் பார்த்து வாங்குவார். உள்ளூர்க்காரர் வழக்கமான கடையில் ஐம்பது கிராம் வாழையிலையில் வாங்கி அங்கேயே நின்று தின்றுவிட்டு மிக்சரோடு கிளம்புவார். முதல் வகைக்கு நீங்கள் விற்பது ஜங்ஷனிலோ புது பஸ் ஸ்டாண்டிலோ கால் படும் இடத்தைத்தான். அந்த வாடகையை அல்வா தாங்குமா என்று பாருங்கள். இரண்டாம் வகைக்கு, அந்தத் தெருவில் இப்போது நல்ல கடை இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால், கல்யாண மண்டபங்களுக்கு ஆர்டர் எடுத்துக் கிண்டிக் கொடுப்பது நல்லது. கடையே வேண்டாம், முன்பணம் வாங்கிக்கொண்டு அடுப்பு பற்றவைக்கலாம்.

யாருமே செய்யாத தொழிலாகப் பார்த்துச் செய்தால் போட்டி இருக்காதே?

யாரும் செய்யவில்லை என்றால் யாரும் வாங்கவில்லை என்றும் இருக்கலாம். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இத்தனை கமிஷன் கடை இருக்கிறதே, அடுத்தடுத்து இருந்துகொண்டே எல்லோரும் பிழைக்கிறார்கள். வியாபாரி அங்கே வருவது அத்தனை கடையும் ஒரே இடத்தில் இருப்பதால்தான். போட்டி இருக்கும் இடம் என்பது காசு புழங்கும் இடம். அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் எதைச் சரியாகச் செய்யவில்லை என்று பாருங்கள்: சொன்ன நேரத்துக்கு வராமை, எடை, ரசீது, போன் எடுக்காமை. இந்தப் பக்கம் பிளம்பர் ஒருவர் சொன்ன நாளில் வந்தால் அதுவே புதுத் தொழில்தான்.

ஊரிலேயே செய்வதா, சென்னைக்கோ மும்பைக்கோ போவதா?

நம் பக்கத்து ஆட்கள் வெளியூர் போய்ப் பிழைத்த கதைக்குக் குறைவே இல்லை. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் பஸ் தொழிலுக்குப் போனார், அதுவும் மதுரையில். விட்டு விட்டு வந்தவர்தான் டி.வி.எஸ். ஆனார் என்பதை, ‘எடுத்ததை விடாதே’ என்று சொல்லும் மாமாக்களுக்கு நான் எடுத்துச் சொல்வதுண்டு.

சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் அண்ணாச்சி கடையின் சூட்சுமம் பலருக்குப் பிடிபடுவதில்லை. அதிகாலையிலிருந்து உழைப்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம், பையன் முதலில் சொந்தக்காரர் கடையில் சில வருஷம் பொட்டலம் மடிக்கிறான். எந்தச் சரக்கு எங்கே மலிவு, எது எத்தனை நாளில் போகும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் அடுத்தவர் முதலில் கற்றுக்கொள்கிறான். தனிக்கடை போடும்போது மொத்த வியாபாரியிடம் அவனுக்கு ஏற்கெனவே முகம் இருக்கிறது, முதல் சரக்கு கடனுக்கே வருகிறது. நீங்கள் போகப்போகும் தொழிலுக்கு அப்படி ஒரு கடை இருந்தால், உள்ளூரோ வெளியூரோ, அங்கே சம்பளத்துக்கு ஆறு மாதம் நில்லுங்கள். கௌரவம் பார்ப்பவர்கள் அந்த ஆறு மாதத்தைத் தங்கள் சொந்தக் கடையில் செலவழித்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

வாடிக்கையாளர் நேரில் வரத் தேவையில்லாத தொழில் என்றால் ஊரில் இருப்பதே மேல். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் கம்பெனி 2011-லிருந்து இருக்கிறது. வாடிக்கையாளர் உலகம் முழுக்க, வாடகையும் சாப்பாடும் நம் ஊர் விலைக்கு. தனியாக டிசைன் செய்பவர், கணக்கு எழுதுபவர், மொழிபெயர்ப்பவர் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

கடைக்கு இடம் பார்த்திருக்கிறேன். கூட்டம் நன்றாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

எந்த மாதம் பார்த்தீர்கள்? குற்றாலத்தில் ஆனி, ஆடிச் சாரலில் பார்த்தால் தெருவில் நடக்க முடியாது. அதே இடத்தில் மாசி மாதம் போய் நில்லுங்கள். டவுனில் ஆனித் தேர் சமயம், தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன், இதெல்லாம் அளவுகோல் இல்லை. மந்தமான மாதத்தில், செவ்வாயோ புதனோ, மத்தியானம் மூன்று மணிக்கு எத்தனை பேர் அந்த வாசலைக் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதில் பக்கத்துக் கடைக்குள் ஏறுகிறவர்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள்.

அதற்கு முன்னால் அங்கே இருந்த கடை ஏன் போனது என்று டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். கட்டடக்காரர் சொல்வது வேறாக இருக்கும்.

கடை போடாமலே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, பத்தமடையைப் பாருங்கள். கோரையைச் சன்னமாகக் கிழித்துப் பட்டு மாதிரி நெய்யும் கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்து நெய்வார்கள். பெயர் போட்ட பாயை வேறு ஆளுக்கு விற்க முடியாது. அதனால் ஆர்டர் வந்தபிறகுதான் அந்த வேலை. சரக்கு தேங்கும் பேச்சே இல்லை. உங்கள் தொழிலையும் முதலில் ஆர்டருக்கு மட்டும் செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

‘நல்லா இருக்கு, கடை போடுங்க’ என்று சொல்வதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். நம் ஊரில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டே நல்லா இல்லை என்று யார் சொல்வார்கள்? முன்பணம் கொடுத்தவரை எண்ணுங்கள். சொந்தக்காரர் இல்லாத ஒருவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினால் அவரை இரண்டாக எண்ணுங்கள்.

அரசு மானியம் கிடைக்கும் தொழிலாகப் பார்த்துத் தொடங்கலாமா?

தொழிலை முடிவு செய்துவிட்டு மானியம் தேடுங்கள். மானியத்தைப் பார்த்துத் தொழில் தேடுகிறவர்கள் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கிவிடுகிறார்கள்.

மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்ட மதிப்பு இருக்கலாம். நகர்ப்புறப் பொதுப் பிரிவுக்கு 15 சதவீதம் மானியம். கிராமப்புறத்தில் பெண்கள், பட்டியலினத்தார் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் வரை. தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு, 25 சதவீத மானியத்தோடு. முத்ரா என்பது மானியம் அல்ல, பிணை கேட்காத கடன். அதில் சிசு வகை 50,000 ரூபாய் வரை. அளவுகள் அவ்வப்போது மாறும், போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று. பிரதமர் திட்டத்தில் மானியப் பணம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று வருஷம் வைப்பாக இருக்கும். தொழில் ஓடுகிறது என்று நேரில் பார்த்து உறுதி செய்தபிறகுதான் கடனில் கழிப்பார்கள். இரண்டாவது வருஷம் மூடினால் மானியம் போச்சு, கடன் நிற்கும். அதாவது மானியத் தொழிலில் விட்டு வெளியே வரும் செலவு கூடுதல். முதல் கேள்விக்குச் சொன்ன நஷ்டக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு நகையை வைத்துத் தொடங்கலாமா?

நகை யாருடையதோ அவர் சம்மதித்தால், அவரும் கணக்கு நோட்டைப் பார்ப்பார் என்றால், வைக்கலாம். மூன்று வட்டிக்கு வெளியே வாங்குவது மட்டும் வேண்டாம். மாதம் நூற்றுக்கு மூன்று என்பது வருஷத்துக்கு 36 சதவீதம். அந்த வட்டியையும் கட்டி, வீட்டுச் செலவுக்கும் கொடுக்கும் சின்னக் கடையை நான் பார்த்ததில்லை.

மச்சானும் நானும் சேர்ந்து செய்கிறோம். எழுத்து எதற்கு?

பிரிவதற்கு. சேர்வதற்கு எழுத்து தேவையில்லை.

ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது, கடையின் பெயர் யாருக்கு, பாக்கி வசூல் யாருக்கு, இந்த நான்கும் இருந்தால் போதும். கூட்டு நிறுவனத்தில் கடன் திரும்பவில்லை என்றால் இரண்டு பேர் சொந்தச் சொத்துக்கும் ஆபத்து உண்டு, மச்சான் வாங்கிய சரக்குக் கடனாக இருந்தாலும். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக வெளியாள் மேல் வழக்குப் போடுவதை 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் தடுக்கிறது. பதிவுச் செலவு சொற்பம். அக்கா தங்கச்சியை வருத்தப்பட வைக்காமல் இருக்க அந்தச் சொற்பத்தைச் செலவழிக்கலாம்.

கடை லாபத்தில் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பெருமாள்புரத்தில் ஒரு பேக்கரி என்று வையுங்கள். வாடகை 15,000, இரண்டு ஆள் சம்பளம் 28,000, கரண்ட் 5,000, கடன் தவணை 12,000. மாதம் 60,000 ரூபாய், விற்றாலும் விற்காவிட்டாலும். நூறு ரூபாய்க்கு விற்றால் சரக்கு விலை, வீணானது போக 30 ரூபாய் நிற்கிறது. அப்படியானால் மாதம் 2 லட்சம், தினம் சுமார் 6,700 ரூபாய் விற்றால்தான் கை கடிக்காது.

இந்தக் கடை தினம் 7,000 விற்கிறது, முதலாளி சந்தோஷமாக இருக்கிறார். அவருடைய சம்பளம் எங்கே? இதே உழைப்பை வேறு கடையில் கொடுத்தால் மாதம் 20,000 வரும் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். அப்போது மாதச் செலவு 80,000. தினம் சுமார் 8,900 விற்க வேண்டும். 7,000 விற்கும் கடையில் அவர் இலவசமாக உழைப்பது மட்டுமல்ல, அவர் மனைவி கல்லாவில் உட்காரும் சாயங்காலமும் இலவசம்தான். சொந்தக் கட்டடமாக இருந்தால் இன்னும் மோசமாக ஏமாறலாம். வாடகைக்கு விட்டால் வரும் காசை எழுதவே மாட்டார்கள்.

எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்?

இதற்குப் பதில் கடை திறப்பதற்கு முன்னாலேயே எழுதி வைக்க வேண்டியது. திறந்தபிறகு யோசித்தால் மனசு குறுக்கே வரும். அடுத்த மாதம் முகூர்த்தம் இருக்கிறது, அப்புறம் தீபாவளி வருகிறது, பொங்கல் தாண்டட்டும் என்று தள்ளிக்கொண்டே போகும். நம் காலண்டரில் காத்திருக்க ஏதாவது ஒரு விசேஷம் இல்லாத மாதமே கிடையாது.

என்னிடம் திட்ட அறிக்கைக்கு வருகிறவர்களிடம் ஒரு தாளில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன். ஒரு தேதி: ‘வரும் வைகாசி முடிவதற்குள் தினசரி விற்பனை 6,000 தொட வேண்டும்.’ ஒரு தொகை: ‘ஆரம்ப முதலுக்கு மேல் 2 லட்சம் வரைதான் போடுவேன்.’ ஒரு அடையாளம்: ‘பழைய சரக்குக் கடனை அடைக்கப் புதுக்கடன் வாங்கும் நாள் வந்தால் நிறுத்துவேன்.’ மூன்றில் எது முதலில் வந்தாலும் கடையை நிறுத்துவது பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். அந்தத் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். தொழிலில் பங்கு இல்லாத, உங்களிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். பெரும்பாலும் அக்காமார் இந்த வேலைக்குச் சரியாக இருக்கிறார்கள்.

எத்தனை மாதம் என்பது தொழிலைப் பொறுத்தது. டீக்கடைக்கு ஆறு மாதம் போதும். குற்றாலத்தில் வைக்கும் கடைக்கு ஒரு முழுச் சாரலும் ஒரு முழு மந்த காலமும் வேண்டும். சாரல் பொய்த்த வருஷத்தை வைத்து முடிவெடுத்தால் அது கடையின் தப்பா மழையின் தப்பா என்று தெரியாது. களக்காட்டுப் பக்கம் வாழை போடுகிறவருக்கு ஒரு பயிர் முடியவே ஏறக்குறைய ஒரு வருஷம், அதிலும் காற்று ஒரு ராத்திரியில் கணக்கை மாற்றிவிடும். விவசாயத்தில் மூன்று சுற்றுக்குத் தாங்கும் பணம் இல்லாமல் இறங்குவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். விவசாயிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், நியாயம்தான், அவர்களுக்கு இறங்குவதா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

தேதி வந்துவிட்டது, இலக்கைத் தொடவில்லை, ஆனால் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால்? பற்றாக்குறை பாதியாகக் குறைந்திருந்தால் ஒரே ஒரு தடவை நீட்டிக்கலாம், புதுத் தேதி எழுதி. ‘ஏறுகிற மாதிரி இருக்கிறது’ என்பதற்கு நீட்டிப்பு கிடையாது.

இவ்வளவு போட்டுவிட்டேன். எடுக்காமல் எப்படி விடுவது?

போட்டது எட்டு லட்சம். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போனதுதான். இன்று கேட்க வேண்டியது வேறு: இந்தக் கடை இன்று எனக்கு இல்லை, என்னிடம் இருப்பது இதை விற்றால் வரும் மூன்று லட்சம் மட்டும் என்றால், அந்த மூன்று லட்சத்தைக் கொண்டுபோய் இதே கடையில் போடுவேனா? போடுவேன் என்று யோசிக்காமல் வாயில் வந்தால் நடத்துங்கள். தயங்கினால், ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று லட்சம் கரைந்துகொண்டிருக்கிறது. பழைய ஃப்ரீசரும் ஓவனும் வருஷம் கூடக்கூட விலை குறையும்.

எதிரே பெரிய கடைக்காரர் வந்துவிட்டார். நானும் விலையைக் குறைத்து நிற்கட்டுமா?

இந்தப் போட்டி நம் மண்ணுக்குப் புதிதில்லை. தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த காலத்தில், 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பலில்தான் ஓட்டினார். எதிர்க்கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியில் கப்பல் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். இலங்கையிலிருந்து வேறு கப்பலை வாடகைக்கு அமர்த்தி ஓட்டிக்கொண்டே, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைச் சொந்தமாக வாங்க வைத்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. உடனே அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கூடவே குடையும் கொடுத்தார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

அவர் நடத்தியது வெறும் வியாபாரம் இல்லை. அதை லாப நஷ்டத்தில் அளப்பது தகாது. ஆனால் வெறும் வியாபாரம் செய்கிற நமக்கு அதில் எடுத்துக்கொள்ள இரண்டு இருக்கின்றன. வாடகைக்குக் கொடுத்தவரோ ஒரே சரக்குக்காரரோ கையை விரித்தால் கடை நின்றுவிடும் என்ற நிலையில் இருக்காதீர்கள். அப்புறம், இலவசமாகக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமும் கடை திறக்கக்கூடியவரோடு விலையில் மோதாதீர்கள். அவர் செய்யாததைச் செய்யுங்கள்: வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, சின்ன அளவில் கொடுப்பது, சம்பள நாள் வரை பொறுப்பது. அவர் எல்லாவற்றையும் செய்கிறார் என்றால், அவர் விற்காத பொருளுக்கு மாறுங்கள். அதுவும் முடியாது என்றால் மூன்று வரித் தாளை எடுங்கள், தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

விற்பனை இருக்கிறது, கையில் பணம்தான் இல்லை. இதுவும் விட வேண்டிய தொழிலா?

இது தொழிலின் நோய் இல்லை, கடன் கொடுப்பதன் நோய். குறு, சிறு உற்பத்தியாளராகவோ சேவை தருபவராகவோ ‘உத்யம்’ என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு இருந்தால் (பதிவு இலவசம், காசு கேட்கும் இணையதளத்தை நம்பாதீர்கள்), எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தவறினால் வட்டியோடு கேட்டுப் புகார் செய்யலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சட்டம் இருந்தாலும் பெரிய வாடிக்கையாளர் மேல் புகார் செய்யப் பலர் தயங்குவார்கள், தெரியும். அவருக்கு அடுத்த லோடு அனுப்பாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்களுக்கு இருப்பது ஒரு வாடிக்கையாளர் அல்ல, ஒரு முதலாளி.

ஊர் என்ன சொல்லும்?

ஒரு மாதம் சொல்லும். கடைத் திறப்புக்கு மொய் எழுதியவர்கள் கூடக் கொஞ்ச நாள் சொல்வார்கள். கல்லாவில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கடன் ஏற்றுகிறவரைப் பற்றியும் இதே ஊர்தான் சொல்கிறது, அவர் காதுக்குப் போகாமல்.

மூடுவது என்று முடிவு. முதலில் என்ன செய்வது?

சரக்கு வாங்குவதை நிறுத்துங்கள், விற்பதை நிறுத்தாதீர்கள். மூடப்போகிறோம் என்று வெளியே தெரிவதற்கு முன் வரவேண்டிய பாக்கியை வசூலியுங்கள். தெரிந்தபிறகு பாதிப் பேர் போன் எடுக்க மாட்டார்கள். வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி, சம்பளத்தை முதலில் தீர்த்துவிடுங்கள். கட்டடக்காரருக்கு ஒப்பந்தப்படி நோட்டீஸ் எழுத்தில் கொடுங்கள், முன்பணம் திரும்ப வாங்க அதுதான் பிடி.

வங்கிக்கு நீங்களாகப் போங்கள். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், மேலாளருக்கும் கை கட்டிவிடும். அதற்கு முன் போனால் தவணையை நீட்டவோ மாற்றவோ பேச இடம் இருக்கும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு இதை மறந்தவர்களுக்கு நோட்டீஸ் வருகிறது.

மூடாமல் தம்பிக்குக் கொடுத்துவிடலாமா?

தம்பி கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டால் கொடுக்கலாம். நீங்கள் விட மனசில்லாமல் அவர் தலையில் கட்டுவதாக இருந்தால் வேண்டாம். கொடுப்பதானால் சரக்கையும் சாமானையும் பட்டியல் எடுத்து விலை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பான் எண்ணைச் சேர்ந்தது, உங்கள் எண்ணில் அவர் பில் போடக்கூடாது. அவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவர் பெயருக்கே புதிதாக இருக்கட்டும். வாடகை ஒப்பந்தத்தையும் கரண்ட் கணக்கையும் மாற்றிவிடுங்கள். உங்கள் கையெழுத்தில் இருக்கும் கடை நடப்புக் கணக்கின் செக் புத்தகத்தை, தம்பியாக இருந்தாலும், அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.